எழுத்துக்கு முன்பே நிரல்

நிரலாக்கம் என்றதும் கணினித் திரையின் முன் அமர்ந்து ஆங்கிலச் சொற்களையும் குறிகளையும் வரிவரியாகத் தட்டச்சு செய்யும் இளைஞரின் தோற்றமே பெரும்பாலோரின் நினைவுக்கு வருவதால், அகரம்கூட இன்னும் எழுதப் பழகாத நான்கு வயதுக் குழந்தைக்கு அதைக் கற்பிக்கலாம் என்ற பேச்சு சிலருக்குப் பெருமையாகவும் பலருக்குக் கொடுமையாகவும் படுகிறது. மழலையர் கல்வி ஆய்வாளர்கள் இச்சொல்லால் குறிப்பதோ மிக எளிய ஒரு செயல். தான் நினைத்ததை ஒரு பொம்மையோ எந்திரமோ செய்யவேண்டுமானால் அதற்கான கட்டளைகள் எவை, அவற்றுள் முதலில் வருவது எது, அடுத்து வருவது எது என்று முன்கூட்டியே எண்ணிப்பார்த்து, அவற்றை வரிசையாக அமைத்து, இயக்கி, எதிர்பார்த்தது நடக்காவிட்டால் எங்கே தவறியது என்று தேடித் திருத்துவதே அச்செயல். இவ்வாறு வரிசைப்படுத்திய கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். ஒரு வேலையை முடிப்பதற்கான படிகளின் ஒழுங்கை நெறிமுறை, அதாவது அல்காரிதம், என்பர். தவற்றைத் தேடிக் களைவது பிழைநீக்கம் எனப்படும். இம்மூன்றில் எதற்கும் எழுத்தறிவு தேவையில்லை, திரையும் தேவையில்லை என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்துவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் விளையும் பயன் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று என்பதும், அந்தப் பயன்கூடப் பொம்மையைவிட ஆசிரியரையே பெரிதும் சார்ந்தது என்பதும் அவ்வாய்வுகளிலிருந்தே தெரியவருகின்றன.

இந்த முயற்சி 1967இல் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் வாலஸ் ஃபோயர்ஸைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே லோகோ என்னும் நிரல்மொழியை அவ்வாண்டில் உருவாக்கினர். கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த, அறிஞர்களுக்கே அதைத் தொட முறை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், அதைச் சிறுவர்களின் கையில் கொடுக்கவேண்டும் என்று எண்ணியது துணிச்சலான செயல். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞரான பேப்பர்ட், 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேவுடன் பணியாற்றியவர். பொருள்களைக் கையாண்டும் முயன்றும் தவறியும் குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்பிக்கொள்கிறது என்பது பியாஜேயின் கொள்கை. பிறருக்குக் காட்டத்தக்க ஏதேனும் ஒன்றை, அது மணல்வீடாயினும் சரி, கணினி நிரலாயினும் சரி, குழந்தை தன் கையால் உருவாக்கும்போதுதான் அக்கட்டுமானம் செழிப்பாக நடைபெறுகிறது என்று பேப்பர்ட் அதை விரித்தார்.

லோகோவுடன் இணைந்து புகழ்பெற்றது ஆமை. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் உருவாக்கிய ஆமை வடிவ எந்திரங்களிலிருந்து பெயர் பெற்ற இது, கவிழ்த்த கிண்ணம் போன்ற மேலோடும் சக்கரங்களும் கொண்டு, கணினியுடன் கம்பியால் இணைக்கப்பட்டுத் தரையில் ஊர்ந்து, வயிற்றில் பொருத்திய பேனாவால் தாளில் கோடு வரைந்து சென்றது. இத்தனை அடி முன்னே போ, இவ்வளவு திரும்பு என்ற கட்டளைகளே அதன் மொழி. ஆமையை எப்படிச் சதுரம் வரையவைப்பது என்று திகைத்து நிற்கும் குழந்தையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்றார் பேப்பர்ட். நான்கு அடி நடந்து, திரும்பி, மீண்டும் நான்கு அடி நடந்து, திரும்பி என்று தன் உடலால் சதுரத்தைச் சுற்றிவரும் குழந்தை, வடிவியலைத் தன் கால்களிலிருந்தே பெறுகிறது. உடலின் அறிவை அறிவுக்கு வாயிலாக்கும் இந்த எண்ணமே பின்னாளில் மழலையர் நிரலாக்கம் முழுமைக்கும் அடித்தளம் ஆயிற்று. அவருடைய மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற நூல் 1980இல் வெளிவந்து இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் அறியத்தக்க உறவு ஒன்று உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசலில் பெண்கள் இடும் கோலங்களுக்குள் மறைந்திருக்கும் விதிகளைக் கணினியியலின் இலக்கணங்களாக 1974இல் வகுத்துக் காட்டினர். பின்னர் கனடாவில் பணியாற்றிய கணினி அறிஞர் புருசின்கியேவிச், முன்னே போ, திரும்பு என்ற அதே ஆமைக் கட்டளைகளால் கம்பிக் கோலங்களை வரைந்து காட்டினார். சில எளிய அசைவுகளை விதிப்படி மீண்டும் மீண்டும் செய்து சிக்கலான வடிவத்தை எட்டும் அறிவு, அதற்குப் பெயர் வைக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வாசல்களில் பழகி வந்திருக்கிறது.

லோகோ பள்ளிச் சிறுவர்களுக்கு ஏற்றதாக இருந்தாலும் எழுத்தறியாத மழலைக்கு அது எட்டவில்லை. கட்டளையை விசைப்பலகையில் சரியான எழுத்துகளால் தட்டவேண்டியிருந்ததே தடை. இத்தடையை 1970களின் நடுவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் மாணவியாக இருந்த ராடியா பெர்ல்மன் உடைத்தார். இத்துறையின் வரலாற்றில் இவருடைய பணிக்கு உரிய இடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

பெர்ல்மன் முதலில் செய்தது பொத்தான் பெட்டி. முன்னே, பின்னே, வலம், இடம், ஒலியெழுப்பு, விளக்கேற்று போன்ற செயல்களுக்கு ஒவ்வொரு பொத்தான். அழுத்தியவுடன் ஆமை அதைச் செய்யும். இதை மட்டும் கொண்ட ஒரு பெட்டியில் குழந்தை பழகிய பிறகு, எண்களுக்கான பெட்டி சேர்க்கப்படும். அதன்பின் நினைவுப் பெட்டி. நினைவில் வைக்கத் தொடங்கு என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சில கட்டளைகளைத் தந்து, பிறகு செய் என்று அழுத்தினால், தந்த கட்டளைகள் அனைத்தையும் ஆமை வரிசையாகச் செய்துகாட்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் குழந்தையின் முன் கொட்டாமல், ஒன்று பழகியபின் இன்னொன்று என்று அடுக்கிய இந்த முறை இன்றைய பாடத்திட்டங்கள் பலவற்றிலும் காணாத பக்குவம் உடையது.

ஆனால் பொத்தான் பெட்டியில் ஒரு குறை இருந்தது. நினைவில் சேர்ந்த கட்டளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆறாவது கட்டளை தவறு என்றால் குழந்தை அதை எங்கே போய்த் தேடும்? ஆகவே பெர்ல்மன் அடுத்ததாகச் செருகுபெட்டியை அமைத்தார். வெவ்வேறு நிறம் பூண்ட நீண்ட பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பல பிளவுகள், அப்பிளவுகளில் செருகுவதற்குப் படம் வரைந்த பிளாஸ்டிக் அட்டைகள். அட்டைகளைச் செருகிவிட்டுப் பெட்டியின் ஓரத்துப் பொத்தானை அழுத்தினால், ஆமை ஒவ்வொரு அட்டையின்படியும் செயல்பட, அந்தந்த நேரத்தில் செயல்படும் அட்டைக்கு அருகே விளக்கு எரியும். நிரல் இப்போது கையால் தொடக்கூடிய பொருளாகிவிட்டது. விளக்கைப் பார்த்தே பிழை எந்த அட்டையில் என்று குழந்தை கண்டு, அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். சிவப்புப் பெட்டியில் நீல அட்டையைச் செருகினால் நீலப் பெட்டியிலுள்ள அனைத்தும் நடைபெறும். சிவப்புப் பெட்டிக்குள்ளேயே சிவப்பு அட்டையைச் செருகினால் அது தன்னையே மீண்டும் அழைத்து முடிவின்றிச் சுழலும். ஒரு நிரல் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் இவ்வமைப்பைக் கணினியியலில் தற்சுழற்சி என்பர். கல்லூரி மாணவர் பலரைத் தடுமாறவைக்கும் இக்கருத்தை மூன்றரை வயதுக் குழந்தையும் கையால் தொட்டு விளையாட முடிந்தது. 1974இலும் 1976இலும் இதுபற்றி ஆய்வறிக்கைகள் எழுதிய பெர்ல்மன், பின்னர் இவ்வேலையைத் தொடரவில்லை. சுற்றிலும் ஆண்களே இருந்த ஆய்வகத்தில் தனியொரு பெண்ணாக, சிறு குழந்தைகளோடு விளையாடும் ஆய்வைச் செய்தால் தன்னை அறிவியலாளராக மதிக்கமாட்டார்களோ என்ற கூச்சமே அதற்குக் காரணம் என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1985இல் அவர் வகுத்த ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை கணினி வலையமைப்புகளின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவி அவருக்குப் புகழ் தேடித்தந்தது. குழந்தைகளுக்கான நிரலாக்கமோ தன் திறமிக்க முன்னோடியை இழந்து ஒரு தலைமுறைக்காலம் பின்தங்கியது.

இன்று மழலையர் பள்ளிகளில் புழங்கும் கருவிகள் பெரும்பாலும் பெர்ல்மனின் இவ்விரு பெட்டிகளின் வழியில் வந்தவையே. பொத்தான் பெட்டியின் வாரிசு என்று சொல்லத்தக்கது, இங்கிலாந்தின் டிடிஎஸ் நிறுவனம் வெளியிட்ட பீ-பாட் என்னும் தேனீ வடிவப் பொம்மை. மஞ்சளும் கறுப்புமான இதன் முதுகில் முன், பின், வலம், இடம் ஆகியவற்றுக்கான நான்கு அம்புக்குறிப் பொத்தான்களும், நடுவில் பச்சை நிறப் புறப்படு பொத்தானும், நினைவை அழிக்க ஒன்றும், சற்று நிற்க ஒன்றுமாக மொத்தம் ஏழு பொத்தான்கள் உண்டு. ஒரு முறை முன் அம்பை அழுத்தினால் 15 சென்டிமீட்டர் நகரும். வலம் அல்லது இடம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் அளவில் கட்டங்கள் போட்ட விரிப்பைத் தரையில் விரித்து, ஒரு கட்டத்தில் தேனீயையும் வேறொரு கட்டத்தில் பூவின் படத்தையும் வைத்துவிட்டால் பாடம் தொடங்கிவிடும்.

பூ மூன்று கட்டம் முன்னும் ஒரு கட்டம் வலப்பக்கமும் இருப்பதாகக் கொள்வோம். முதன்முதல் இப்பொம்மையைத் தொடும் நான்கு வயதுக் குழந்தை முன் அம்பை அழுத்திவிட்டு, தேனீ உடனே நகரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்தும். தொலைக்காட்சியின் தொலைவியக்கியைப் போல அழுத்தியதும் நடக்கவேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. இப்போது சொல்லிவைப்பது பின்னர் நடக்கும் என்னும் எண்ணம் புதிது. அதைக் கடந்தபின், தேனீ நிற்கும் கட்டத்தையும் சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு ஒரு கட்டம் குறைவாக நிறுத்தும். எண்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிவதும் அடிகளை எண்ணத் தெரிவதும் ஒன்றல்ல என்பது இங்கே ஆசிரியருக்குக் கண்கூடாகிறது. அடுத்த தடை பெரியது: முன் அம்பை மூன்று முறையும் வல அம்பை ஒரு முறையும் அழுத்திப் புறப்படச் செய்தால், தேனீ மூன்று கட்டம் சென்று வலப்பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடும். வலம் என்றால் வலப்பக்கக் கட்டத்துக்குப் போவது என்று குழந்தை எண்ணியிருக்க, பொம்மைக்கோ அது திரும்புவது மட்டுமே. திரும்பியபின் இன்னொரு முன் அம்பு வேண்டும். முந்தைய ஆட்டத்தின் கட்டளைகளை அழிக்க மறந்துவிட்டால், தேனீ பழையதையும் புதியதையும் சேர்த்துச் செய்து விரிப்பைவிட்டே வெளியேறுவதும் அன்றாடம் நடப்பது.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது வலம் இடம் பற்றிய குழப்பம். தேனீ குழந்தை பார்க்கும் திசையிலேயே பார்த்து நிற்கும்வரை இருவரின் வலப்பக்கமும் ஒன்று. தேனீ திரும்பிக் குழந்தையை நோக்கி வரும்போது அதன் வலம் குழந்தையின் இடம் ஆகிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தை, தான் காண்பது போலவே பிறரும் காண்பதாக எண்ணும் இயல்புடையது என்று பியாஜே விளக்கியிருக்கிறார். பிறர் நிற்கும் இடத்திலிருந்து உலகைப் பார்க்கும் ஆற்றல் அவ்வயதில்தான் மெல்ல அரும்புகிறது. தேர்ந்த ஆசிரியர் இந்நேரத்தில் விடையைச் சொல்லிவிடுவதில்லை. தேனீயின் பின்னால் போய் நின்று பார், தேனீயாக நீயே விரிப்பில் நட என்பார். குழந்தை எழுந்து போய்த் தேனீயின் திசையில் நின்றதுமே குழப்பம் தீர்வதைக் காணலாம். ஆமையாகி நடக்கச் சொன்ன பேப்பர்ட்டின் வழி இதுவே. விரிப்பின்மேல் எழுந்து நின்று குழந்தை செய்யும் அந்த ஒரு திருப்பத்தில், வேறொருவரின் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பயிற்சி அடங்கியிருக்கிறது. அதைப் பொத்தானை அழுத்தும் திறமையைவிட மேலானதாகக் கருதவேண்டும்.

பொத்தான் பெட்டியின் குறை பீ-பாட்டிலும் தொடர்கிறது. தந்த கட்டளைகள் பொம்மையின் வயிற்றுக்குள் மறைந்துவிடுவதால், நடுவில் ஒன்றை மட்டும் திருத்த வழியில்லை. அனைத்தையும் அழித்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அம்புக்குறி வரைந்த அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கச் சொல்லி, அவ்வரிசையைப் பார்த்துப் பொத்தான்களை அழுத்தச் சொல்கிறார்கள். குழந்தையின் எண்ணம் தரையில் விரிந்து கிடக்கும்போது பக்கத்திலிருக்கும் இன்னொரு குழந்தை அதைப் படித்துப் பார்த்து, இங்கே ஒன்று குறைகிறது என்று சுட்டிக்காட்ட முடிகிறது.

செருகுபெட்டியின் வழியில் வந்தது கிபோ. அர்ஜென்டினாவில் பிறந்து, பேப்பர்ட்டிடம் பயின்று, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெவ்டெக் என்ற ஆய்வுக்குழுவை நடத்திய மரினா உமாஷி பெர்ஸ் தம் குழுவினருடன் வடிவமைத்த இது, நான்கு முதல் ஏழு வயதினருக்கானது. திரை என்பதே இதில் கிடையாது. முன்னே, பின்னே, சுழல், குலுங்கு, பாடு என்னும் கட்டளைகளின் படங்கள் ஒட்டிய மரக்கட்டைகளைக் குழந்தை ஒன்றோடொன்று பொருத்துகிறது. ஒவ்வொரு கட்டையின் ஒரு பக்கம் முளையும் மறுபக்கம் அம்முளை பொருந்தும் துளையும் இருக்கும். தொடங்கு என்ற பச்சைக் கட்டைக்குத் துளை கிடையாது, ஆதலால் அதற்கு முன் எதையும் வைக்க இயலாது. முடி என்ற சிவப்புக் கட்டைக்கு முளை கிடையாது, ஆதலால் அதற்குப் பின் எதுவும் ஒட்டாது. நிரலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்ற இலக்கணத்தை ஆசிரியர் வாயால் விளக்கத் தேவையின்றி மரமே கற்பிக்கிறது. கடைகளில் பொருளின் விலையை அறிய உதவும் பட்டைக்குறியீடு போன்றதே ஒவ்வொரு கட்டையிலும் அச்சிடப்பட்டிருக்க, குழந்தை சக்கரங்கள் பொருத்திய எந்திரத்தை ஒவ்வொரு கட்டைக்கும் நேராகப் பிடித்து வரிசையாகப் படிக்கவைக்கிறது. ஒரு கட்டையைத் தவறவிட்டால் அந்தச் செயல் நடக்காது. நிரல் சரியாக இருந்தும் அதைப் படித்ததில் பிழை நேர்ந்திருக்கலாம் என்ற இன்னொரு வகைப் பிழையையும் குழந்தை இவ்வாறு அறிகிறது.

கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மடக்கு, இது நடந்தால் அதைச் செய் என்னும் நிபந்தனை ஆகியவற்றுக்கும் கிபோவில் கட்டைகள் உண்டு. இவை கடினமானவை. வரிசைமுறையை எளிதில் பற்றிக்கொள்ளும் நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள் மடக்கிலும் நிபந்தனையிலும் தடுமாறுவது இயல்பு. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை திரும்பச் செய்யவேண்டும் என்று எல்லை குறிப்பதற்கு வரிசை முழுவதையும் மனத்தில் ஒருங்கே நிறுத்தவேண்டியிருக்கிறது. ஆடலும் பாடலும் இங்கே கைகொடுக்கின்றன. பல்லவி திரும்பத் திரும்ப வருவதைக் குழந்தை தன் காதால் முன்பே அறியும் என்பதால், எந்திரத்தை ஆடவைக்கும் பாடத்தில் மடக்கு சற்று எளிதாக விளங்குகிறது. சிங்கப்பூர் அரசு 160 மழலையர் மையங்களுக்கு இத்தகைய கருவிகளை வழங்கிய பிளேமேக்கர் திட்டத்தின் பகுதியாக, ஐந்து மையங்களில் 98 குழந்தைகள் ஏழு வாரம் கிபோவைக்கொண்டு உலக நடனங்கள் என்ற பொருளில் பயின்றதை அமாண்டா சலிவனும் பெர்ஸும் ஆராய்ந்தனர். சீன, மலாய், தமிழ்ச் சமூகங்கள் அருகருகே வாழும் அந்நகரில் நடனம் என்ற பொருளைத் தேர்ந்தது பொருத்தமான முடிவு. குழந்தைகள் எந்திரத்துக்கு ஆடை அணிகளை ஒட்டி அழகுபடுத்தி, இசைக்கேற்ப அசையவைத்தனர். கலையையும் கணிதத்தையும் பிரித்துவைக்கும் வழக்கம் பெரியவர்களுடையதே தவிர, அவ்வயதுக் குழந்தைகளிடம் இல்லை.

திரையில் இயங்கும் கருவிகளுள் குறிப்பிடத்தக்கது, ஐந்து முதல் ஏழு வயதினருக்காக 2014இல் வெளியான ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற இலவசச் செயலி. பெர்ஸின் குழுவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவும் இணைந்து உருவாக்கிய இதில், பூனை முதலிய உருவங்களை நகரவும் பேசவும் வைக்கும் கட்டைகள் எழுத்தின்றிப் படக்குறிகளாகவே அமைந்திருப்பதால், ஆங்கிலம் அறியாத தமிழ்க் குழந்தையும் அவற்றை அடுக்கிக் கதை ஒன்றை உருவாக்க இயலும். தன் குரலைத் தமிழிலேயே பதிந்து பாத்திரத்தைப் பேசவைக்கவும் இயலும்.

இவற்றால் குழந்தைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்ற வினா லோகோவின் காலத்திலிருந்தே எழுந்துவருகிறது. 1984இல் நியூயார்க் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீயும் மிடியன் குர்லாண்டும், லோகோ பயின்ற பள்ளிச் சிறுவர்களிடம் வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை குறையும் என்று திட்டமிடச் சொன்னபோது, அவர்கள் பயிலாதவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை என்று கண்டனர். நிரலாக்கம் பயின்றால் சிந்தனைத்திறன் தானாக எங்கும் பெருகும் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. அதே ஆண்டில் டக்ளஸ் கிளெமன்ட்சும் டொமினிக் குல்லோவும் ஆறு வயதுக் குழந்தைகள் 18 பேரை 12 வாரம் ஆராய்ந்து, லோகோ பயின்ற குழந்தைகள் அவசரப்படாமல் நின்று சிந்திப்பதிலும், புதிய எண்ணங்களைப் பலவாகத் தருவதிலும், வழி சொல்வதிலும் முன்னேறியிருப்பதைக் கண்டனர். இரண்டு முடிவுகளும் முரண்படுவதாகத் தோன்றினாலும், பின்னதில் ஒரு சில குழந்தைகளுக்கு அருகிலேயே ஆசிரியர் இருந்து, என்ன செய்யப்போகிறாய், ஏன் இப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்ததையும், முன்னதில் சிறுவர்கள் பெரும்பாலும் தாமாகவே கண்டறியட்டும் என்று விடப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாட்டின் காரணம் ஓரளவு விளங்கும். 105 ஆய்வுகளைத் திரட்டி ரோனி ஷெரரும் பிறரும் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நிரலாக்கத்தோடு நெருங்கிய திறன்களில் பயன் மிகுதி என்றும், கணிதம், படைப்பாற்றல் போன்றவற்றிலும் ஓரளவு உண்டு என்றும், பொதுவான பள்ளிப் படிப்பில் குறைவு என்றும் காட்டுகிறது. அதிலுள்ள ஆய்வுகள் பலவும் மழலையரைவிட மூத்தவர்களைப் பற்றியவை என்பதை மறக்கலாகாது. மழலையரிடம் தெளிவாகத் தெரியும் பயன் வரிசைப்படுத்தும் திறனே: ஒரு வாரப் பயிற்சிக்குப்பின் கலைத்துவைத்த படங்களைக் கதையாக அடுக்குவதில் குழந்தைகள் முன்னேறியதை எலிசபெத் கசாகாஃப், சலிவன், பெர்ஸ் மூவரும் 2013இல் பதிந்துள்ளனர். கதையின் முன்பின் அறிவது படிப்புக்கும் கணக்குக்கும் பொதுவான அடிப்படை என்பதால் இது சிறு பயன் அன்று.

நிரலாக்கம் இன்னொரு மொழி, ஆகவே மொழியைப்போல இளமையிலேயே கற்பிக்கவேண்டும் என்று பெர்ஸ் உட்படப் பலர் வாதிட்டுவந்தனர். பெர்ஸே பங்கேற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னா இவானோவா, எவெலினா ஃபெடொரென்கோ முதலியோர் 2020இல் வெளியிட்ட மூளை ஆய்வு அதற்கு எதிரான சான்றைத் தந்தது. பைத்தான் நிரலையோ ஸ்கிராட்ச் ஜூனியர் நிரலையோ படிக்கும் பெரியவர்களின் மூளையில், மொழியைக் கையாளும் பகுதிகளைவிட, புதிர்களுக்கும் கணக்குகளுக்கும் கடினமான எந்த வேலைக்கும் பொதுவாக உழைக்கும் பகுதிகளே முனைந்து செயல்பட்டன. இளமையில் தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற அச்சத்துக்கு இவ்வகையில் ஆதாரம் கிடைக்கவில்லை. தம் கருத்தைச் சோதிக்கும் ஆய்வில் பெர்ஸ் தாமே பங்கேற்று அதன் முடிவை ஏற்று வெளியிட்டது போற்றத்தக்க நேர்மை.

பெண் குழந்தைகளைப் பற்றிய ஒரு செய்தி தனியே கவனிக்கத்தக்கது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலிசன் மாஸ்டரும் உடன்பணியாற்றியவர்களும் ஆறு வயதினர் 96 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, எந்திரங்களும் நிரலாக்கமும் ஆண்களுக்கு நன்றாக வரும் என்ற எண்ணம் அவ்வயதிலேயே குழந்தைகளிடம் படிந்திருப்பதைக் காட்டியது. எந்திரம் ஒன்றைத் தம் கையால் நிரலிட்டு இயக்கிய பெண் குழந்தைகள், அவ்வாய்ப்புப் பெறாத பெண் குழந்தைகளைவிட மிகுந்த ஆர்வமும் தன்னம்பிக்கையும் காட்டினர். பெர்ல்மனைக் குழந்தைகளுக்கான ஆய்விலிருந்து விலகச் செய்த எண்ணத்தை நினைத்துப் பார்த்தால் இம்முடிவின் எடை புரியும்.

குழந்தைகளுக்கான கருவிகளை விளையாட்டுத்திடல், விளையாட்டுத்தொட்டில் என இரண்டாகப் பிரிக்கிறார் பெர்ஸ். சுற்றிலும் கம்பியடித்த தொட்டிலில் குழந்தை பாதுகாப்பாக இருக்கும், ஆனால் தொட்டிலில் வைத்ததைத் தவிர வேறெதையும் செய்யாது. திடலில் ஓடும், ஏறும், சண்டையிடும், சமாதானமாகும், புதிய ஆட்டத்தைத் தானே வகுக்கும். அடுத்த நிலை, அடுத்த பரிசு என்று குழந்தையை ஒரே பாதையில் இழுத்துச்செல்லும் செயலிகள் பலவும் தொட்டில் வகையைச் சேர்ந்தவை. நாளைய வேலைவாய்ப்பைக் காட்டி ஐந்து வயதுக் குழந்தையின் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் வகுப்புகள் அதற்கும் கீழானவை; பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப்பின் எந்த நிரல்மொழி வழக்கில் இருக்கும் என்று சொல்ல எவராலும் இயலாத நிலையில், குழந்தையின் விளையாடும் நேரத்தை அதற்காக விலை பேசுவது தவறு.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலேயே நெறிமுறையும் பிழைநீக்கமும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயதுவரையுள்ள ஐந்தாண்டுகளை அடிப்படைநிலை எனப் பிரித்து அதை விளையாட்டுவழிக் கல்விக்கு ஒதுக்கி, நிரலாக்கத்தை ஆறாம் வகுப்பில் தொடங்கும் நடுநிலைக்கே விட்டுவைக்கிறது. திரையைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் திரைமுன் அமரலாகாது, குறைந்தால் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. இவ்வரையறைக்குள் நின்று செய்யத்தக்கது எது என்று பார்த்தால் தரையும் கட்டைகளுமே முன்னிற்கின்றன. கிபோ போன்ற கருவிகளின் விலை பல நூறு டாலர். நம் அங்கன்வாடிகளுக்கு அது எட்டாது. ஆனால் சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு, ஒரு குழந்தையைத் தேனீயாக நிறுத்தி, அம்பு வரைந்த அட்டைகளை மற்ற குழந்தைகள் வரிசையாக அடுக்கிக்கொடுக்க, அட்டையில் உள்ளதை மட்டுமே அது செய்யவேண்டும், தானாக எதையும் சேர்க்கக்கூடாது என்று விதி வைத்தால், பீ-பாட் கற்பிப்பதில் பெரும்பகுதி செலவின்றிக் கிடைத்துவிடுகிறது. இதில் ஆசிரியருக்குரிய கடினமான பணி ஒன்றே. தேனீயாக நிற்கும் குழந்தை தவறான கட்டத்தில் போய் நின்றதும் சரியான அட்டையைத் தாமே எடுத்துவைக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, எந்த அட்டை வரைக்கும் சரியாக வந்தது என்று கேட்டுவிட்டு, குழந்தைகள் முதல் அட்டையிலிருந்து விரல் வைத்துப் படித்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும்.